பிள்ளைகளைச் சிதைத்தவர்களுக்கு ஜனாதிபதி மன்னிப்பு: குடும்பம் எப்படி ஆட்சேபிப்பது?

ஒரு பிள்ளையைக் கொன்றவருக்கோ பாலியல் வன்கொடுமை செய்தவருக்கோ ஜனாதிபதி மன்னிப்பு வழங்கக் கூடாது. மட்டக்களப்பு காந்திப் பூங்கா முன்னால் பதாகை பிடித்து இதைச் சொல்லலாம். ஆனால் கோப்பில் ஏறுகிற மாதிரிச் சொல்லவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழியைத்தான் இங்கே விளக்குகிறோம்.

இலங்கை அரசியலமைப்பின் 34(1) ஆம் உறுப்புரைப்படி, குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவருக்கு ஜனாதிபதி முழு மன்னிப்போ நிபந்தனையுடனான மன்னிப்போ அளிக்கலாம். தண்டனை நிறைவேற்றத்தை ஒத்திவைக்கலாம், அதைவிடக் குறைந்த தண்டனையாக மாற்றலாம், ஒரு பகுதியைக் கழிக்கவும் செய்யலாம். ஆளை வெளியே விட்டால்தான் மன்னிப்பு என்று நினைத்திருந்துவிடாதீர்கள். 1976க்குப் பிறகு இலங்கையில் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை. அதனால் மரண தண்டனையை ஆயுளாகவும், ஆயுளை ஆண்டுக் கணக்காகவும் குறைப்பதுதான் விடுதலைக்குப் போகும் பாதை. அது சத்தமில்லாமல் நடப்பது.

இந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. மரண தண்டனைக் கைதி என்றால், வழக்கை விளங்கிய நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு மூன்றும் ஜனாதிபதியின் மேசைக்கு வர வேண்டும். கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்குக் கொடுக்கப்பட்ட மன்னிப்பை 2024 ஜனவரியிலும், ரோயல் பார்க் அடுக்குமாடிக் கொலைக் குற்றவாளிக்குக் கொடுக்கப்பட்ட மன்னிப்பை அதே ஆண்டு ஜூனிலும் உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று ரத்துச் செய்தது. ரோயல் பார்க் வழக்கில் மனுப் போட்டது குடும்பம் அல்ல, ஒரு பெண்கள் அமைப்பு. மிருசுவிலில் 2000 டிசம்பரில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் 2020 மார்ச்சில் மன்னிக்கப்பட்டதைத் தமிழர் யாரும் மறக்கவில்லை. உயர் நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்த தண்டனை அது.

இனி முக்கியமான விசயம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் வந்த 4 ஆம் இலக்கச் சட்டம் ஓர் உரிமையைத் தந்தது: குற்றவாளிக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ பரிசீலிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் வர வேண்டும். குற்றம் தங்கள் வாழ்க்கையை என்ன செய்தது என்பதையும், மன்னிப்புக்கான ஆட்சேபனையையும் அவர்கள் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் தேசிய அதிகார சபையூடாக எழுத்தில் கொடுக்கலாம். அச்சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். கடிதத்தில் அதையே குறிப்பிடுங்கள்.

நடைமுறையில் சறுக்குவது விலாசத்தில். பல வருடத்துக்கு முன் பொலிஸ் முறைப்பாட்டில் எழுதிய விலாசம்தான் கோப்பில் கிடக்கும். இதற்கிடையில் தாய் மத்திய கிழக்குக்குப் போயிருப்பார், பிள்ளை படுவான்கரையில் அம்மம்மாவுடன் இருக்கும், கைபேசி இலக்கமும் மாறியிருக்கும். ஆகவே அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தீர்ப்பு வந்த கையோடு அதிகார சபைக்கு ஒரு கடிதம் அனுப்பி, ஜனாதிபதி செயலகம், நீதி அமைச்சு, சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம் ஆகியோருக்கும் பிரதி போடுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: மேல் நீதிமன்றம் எது (மட்டக்களப்பா, கல்முனையா, அம்பாறையா), வழக்கு இலக்கம், தீர்ப்புத் திகதி, தண்டனை, குற்றவாளியின் முழுப்பெயர், உங்களுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு, இப்போதைய விலாசம். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் மேல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளையின் இன்றைய நிலையை நாலு வரியிலாவது எழுதுங்கள்: பாடசாலை போகிறதா, இரவில் தூங்குகிறதா, எந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை. இதை எந்த அதிகாரியும் தானாகத் தெரிந்துகொள்ள முடியாது. தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை. பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியில் பின் அடித்து வையுங்கள். வீடு மாறினால் புதிய விலாசத்தை மறுபடி அறிவியுங்கள். எழுத உதவி தேவையென்றால் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

ஊரெல்லாம் கையெழுத்து வாங்கும் மகஜரிலோ முகநூலிலோ பிள்ளையின் பெயர், படம், பாடசாலை எதுவும் வரவே கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்கீழ் குற்றம். நல்லெண்ணத்தில் செய்தாலும் பிள்ளைக்கு அது இன்னொரு காயம். வழக்கு இலக்கம் போதும்.

மன்னிப்பு கொடுத்தே விட்டால் நாள் மிகக் குறைவு. 126 ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். ஜனாதிபதியின் உத்தியோகச் செயலுக்கு எதிர்மனுதாரராகச் சட்டமா அதிபரைக் குறிப்பிட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் அன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

வெசாக், சுதந்திர தினத்தையொட்டி மன்னிக்கப்படும் கைதிகளின் பட்டியல்களையும் கவனியுங்கள். 2025 வெசாக்கில் அனுராதபுரச் சிறையிலிருந்து பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் வெளியே விடப்பட்டு, அது விசாரணை, கைது வரை போனது. ஆனால் குற்றவாளியைச் சந்தையில் கண்டவுடனே மன்னிப்பு என்று முடிவு கட்டவும் வேண்டாம். மேன்முறையீட்டுக் காலப் பிணையாக இருக்கலாம், தண்டனைக் காலம் முடிந்தும் இருக்கலாம். பதிவாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். குற்றவாளி உங்களையோ பிள்ளையையோ மிரட்டினால் அது தனிக் குற்றம். பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தோடு அதிகார சபையிடம் பாதுகாப்புக் கேளுங்கள். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.