கண் ஏன் திரும்பிப் பார்க்கிறது?

பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் வாசலில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "மகள் ஐந்தாம் படிவம் சார். முந்நூறு பக்க நாவலை ஒரே ராத்திரியில முடிச்சிடுறா. இயற்பியல் புத்தகத்துல நாலு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகுது. ஏதாச்சும் கோளாறா?"

ஒரு கோளாறும் இல்லை.

இலக்கணச் சூத்திரங்கள் அமையும் முறைக்கு நம் இலக்கணக்காரர்கள் ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கு உவமை சொன்னார்கள். வாசிக்கும் கண் ஆற்றொழுக்காகப் போவதாகவே நமக்குத் தோன்றும். உண்மையில் அது தவளைப் பாய்த்து. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். நிற்கும்போதுதான் எழுத்து பிடிபடும்.

என்னை மயக்குவது அரிமா நோக்கு. சிங்கம் நடந்தபடியே திரும்பிப் பார்ப்பதுபோல, கண்ணும் படித்த இடத்துக்குப் பின்னோக்கித் தாவுகிறது. 'அதன் முடுக்கம்' என்று ஒரு வரி வருகிறது. எதன்? மூன்று வரிக்கு மேலே இருந்த வண்டியினுடையதா, அதை இழுக்கும் கயிற்றினுடையதா? நாம் கட்டளையிடாமலே கண் மேலே போய், பெரும்பாலும் சரியான சொல்லுக்கு அருகிலேயே இறங்குகிறது. சொல்லின் பொருளோடு அது பக்கத்தில் இருந்த இடத்தையும் மூளை குறித்து வைத்திருக்கிறது!

உளவியல் ஆய்வாளர்கள் கீத் ரேனரும் அலெக்சாண்டர் போலட்செக்கும் ஆங்கிலம் வாசிக்கும் கல்லூரி மாணவர்களின் கண்ணசைவுகளை 1989இல் தொகுத்துத் தந்தார்கள். எளிய கதையில் கண் நின்றது சராசரி 202 மில்லிநொடி, இயற்பியலில் 261. கண்ணசைவுகளில் பின்தாவல் கதையில் 3 விழுக்காடு, இயற்பியலில் 17. அதனால் நிமிடத்துக்கு 365 சொல்லாக இருந்த வேகம் 238க்கு இறங்கியது. இவர்கள் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்.

2014இல் எலிசபெத் ஷாட்டரும் ரேனரும் அடங்கிய குழு, கண் கடந்த சொற்களைத் திரையில் மறைத்துப் பார்த்தது. திரும்பிப் பார்க்க வழியில்லாதபோது வாசகர்களுக்குப் புரிதல் குறைந்தது.

வேக வாசிப்பு வகுப்புகள் பலவற்றில் "பின்னால் பார்க்காதே" என்பதே முதல் பாடம். ஆயிரம் ரிங்கிட் கட்டிப் பிள்ளையின் அரிமா நோக்கைப் பிடுங்குவதா? எனக்குக் கோபமே வருகிறது. பரீட்சைக்கு முன் புத்தகத்தைச் சரஸ்வதி பாதத்தில் வைப்பவர்கள் வைக்கட்டும். அதனால் பிள்ளையின் வாசிப்பு கெடுவதில்லை.

அம்மா, இன்றிரவு மகளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் கண்ணை மட்டும் கவனியுங்கள். முதலில் நாவல், பிறகு இயற்பியல். கண் தத்துவது வெறும் பார்வைக்கே தெரியும்.