கலின்: சோமாலி மொழியின் எழுதுகோல்

சோமாலி மொழியில் பேனாவைக் குறிக்கும் சொல் ‘கலின்’. இதன் முதலொலி நம் ககரம் அன்று. அடிநாவில், தொண்டையை ஒட்டிப் பிறப்பது. ‘கலம்’ என்னும் அரபுச் சொல்லே சோமாலியில் இவ்வடிவம் பெற்றது. அந்த அரபுச் சொல்லும், நாணலைக் குறிக்கும் ‘காலமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர் சொற்பிறப்பியலார். சீவிய நாணல் தண்டே அன்று எழுதுகோலாக இருந்தது. பாத்திரத்தையும் கப்பலையும் குறிக்கும் தமிழ்க் ‘கலம்’ வேறு. ஆனால் ‘கலம்காரி’ என்ற துணியின் பெயரில் இருப்பது, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த இதே எழுதுகோல்தான்.

கலம் ஏன் கலின் ஆயிற்று? சோமாலிச் சொற்கள் மகர மெய்யில் முடிவதில்லை. ஈற்று மகரம் னகரமாகிவிடும். ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல் அங்கே ‘மஅல்லின்’ ஆகிறது. பன்மையில் மகரம் சொல்லின் நடுவே வந்துவிடுவதால், ‘மஅல்லிமீன்’ என்று பழைய ஒலி மீண்டும் தலைகாட்டுகிறது. சோமாலியின் சொந்தச் சொற்களுக்கும் இதுவே விதி: ‘நின்’ என்றால் ஆண், ‘நிமன்’ என்றால் ஆண்கள். அறம் அறன் என்றும், நிலம் நிலன் என்றும் வரும் கடைப்போலியைப் படித்த நமக்கு இந்த மாற்றம் அயலாகத் தோன்றாது. தமிழில் இரு வடிவும் செல்லும், சோமாலியில் னகரம் ஒன்றே செல்லும்.

சோமாலிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை, ரோமன் வடிவில், 1972 அக்டோபர் 21 அன்றுதான் கிடைத்தது. எழுதுகோலின் பெயரோ அதற்கு நெடுங்காலம் முன்பே குர்ஆன் பள்ளிகளில் வழங்கியது. அப்பள்ளிக்கு ‘துக்சி’ என்று பெயர். காற்றுக்கு ஒதுங்கும் மறைவிடம் என்பது அதன் முதற்பொருள். பிள்ளைகள் ‘லோஹ்’ எனும் மரப்பலகையில் கரிமை தொட்டு வசனங்களை எழுதி, மனப்பாடமானதும் பலகையைக் கழுவி அடுத்த பாடத்தை எழுதுவர். பலகையின் பெயரும் அரபுதான். பின்னர் வந்த பாடநூலுக்கோ ஆங்கிலத்திலிருந்து ‘பூக்’ என்ற சொல் அமைந்தது. ‘கிதாப்’ பெரும்பாலும் சமய நூலுக்கே உரியதாக நின்றது.

கலினுக்கு நேர்த்தமிழ் ‘எழுதுகோல்’. ‘பேனா’ இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். ‘எழுத்தாணி’ இங்கே பொருந்தாது. அது ஓலையைக் கீறும் இரும்பு, மை தொடுவதன்று. பள்ளிப் பலகையில் எழுதும் பழைய கலினைத் தனித்துச் சுட்ட வேண்டுமானால் ‘நாணற்கோல்’ எனலாம்.