நடுவரண்: ‘சென்டர் மீடியன்’ என்று நாம் சொல்வது எதை?

“சென்டர் மீடியனில் மோதி கார் கவிழ்ந்தது.” இந்த வரி வராத நாளிதழ் தமிழில் இல்லை. ஆனால் கார் எதில் மோதியது என்பதை இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு சாண் உயர ஓரக்கல்லிலா, அலை அலையாக வளைத்த இரும்புத் தகட்டிலா, கான்கிரீட் சுவரிலா, அரளிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் விளக்குக் கம்பத்திலா? நான்குக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். மோதினால் நேர்வதோ நான்கிலும் வேறு வேறு.

மீடியன் என்பது இடம். பேரியர் என்பது பொருள். எதிரெதிர்த் திசையில் வண்டிகள் ஓடும் இரண்டு பாதைகளுக்கு நடுவில் கிடக்கும் நிலப்பட்டைதான் மீடியன். கட்டுப்பாடு இழந்த வண்டி அந்தப் பட்டையைக் கடந்து எதிர்ப்பாதைக்குள் புகாமல் பிடிக்க அதில் நிறுத்தும் அமைப்பு மீடியன் பேரியர். பேரியர் இல்லாத மீடியன் உண்டு, அது குறையும் அல்ல.

லத்தீனில் மெடியுஸ் என்றால் நடு. அதிலிருந்து வந்த மெடியானுஸ், ‘நடுவில் உள்ள’ என்று பொருள்படும்; ஆங்கிலத்தின் மீடியன் அதன் வழி வந்தது. ஆகவே சென்டர் மீடியன் என்பது பேச்சு வழக்கின் ‘நடு சென்டர்’ போலத்தான், நடுவுக்கு நடு. வடமொழியின் மத்யவும் மெடியுஸும் ஒரே தாய்வேரில் பிறந்தவை. அந்த மத்யவிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட மத்தி, மத்திய அரசு எல்லாம் மீடியனுக்குத் தூரத்துச் சொந்தம். பிரிட்டனில் இதே நிலப்பட்டைக்கு மீடியன் என்ற பெயர் வழக்கில் இல்லை, சென்ட்ரல் ரிசர்வேஷன் என்பார்கள்.

அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். புள்ளியியல் பாடத்தில் மீடியன் ‘இடைநிலை அளவு’, முக்கோணத்தில் ‘நடுக்கோடு’. இவற்றில் ஒன்றை எடுத்து ஒட்டினால் ‘இடைநிலைத் தடை’ என்று சாலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று பிறக்கும்.

பேரியரின் வேர் பழைய பிரெஞ்சின் ‘பார்’, அதாவது குறுக்குச் சட்டம். போலீசார் சாலையில் இழுத்து வைக்கும் இரும்புச் சட்டம் பேரிகேடு. அது வேறு குடும்பம். பிரெஞ்சில் ‘பாரிக்’ என்றால் பீப்பாய்; பீப்பாய்களை அடுக்கித் தெருவை மறித்ததிலிருந்து வந்த சொல் அது. தமிழில் இரண்டையுமே ‘தடுப்பு’ என்று எழுதிவிடுகிறோம். பேரிகேடு வண்டியை நிறுத்துவதற்கு. மீடியன் பேரியருக்கு அந்த வேலையே கிடையாது. வந்த வண்டியை ஏந்தி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே திருப்பிவிட வேண்டும். வண்டியை அங்கேயே நிறுத்திவிடும் பேரியர் உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும்.

கணக்காகப் பார்க்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் 10 பாகைச் சாய்வில் உரசினால், பேரியரை நோக்கிய குறுக்கு வேகம் மணிக்குச் சுமார் 17 கி.மீ.தான். அதே கார் 25 பாகையில் மோதினால் அது 42 கி.மீ. ஆகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், தாங்க வேண்டிய அடி ஏறத்தாழ ஆறு மடங்கு. எந்த வகையைத் தேர்வது, அதை எங்கே நிறுத்துவது என்ற விதிகளில் பல இந்தக் கோணத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

இனி தமிழ்ச் சொல். மீடியனுக்கு ‘நடுத்திட்டு’ நல்ல சொல், ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். திட்டு என்றால் மேடு. ஓரக்கல் கட்டி மண் நிரப்பியது திட்டு; மழைநீர் வடிய நடுவில் தாழ்த்தி விட்டதைத் திட்டு என்று சொல்ல முடியாது. பொதுப்பெயர் நடுப்பட்டை, மேடானது நடுத்திட்டு, தாழ்ந்தது நடுப்பள்ளம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். பேரியருக்கு வெறும் ‘தடுப்பு’ போதாது என்று பார்த்தோம். ‘தடுப்புச் சுவர்’ கான்கிரீட்டுக்குச் சரி, இழுத்துக் கட்டிய எஃகு வடத்துக்கும் தகட்டுக்கும் ஒத்துவராது. ‘காவலரண்’ என்றால் ஈழத்து வாசகருக்குப் போர்க்காலக் காவல் நிலை கண்முன் வந்துவிடும். காப்பு என்ற கருத்தைத் தாங்கும் பழைய சொல் அரண். நடுவோடு அது சேர்ந்தால் நடுவரண். சிறியது, புணர்ச்சியும் இயல்பானது, நடுவண் என்ற சொல்லுக்குப் பழகிய காதில் உறுத்தாது. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நடுப்பட்டைத் தடுப்பரண் என்று எழுதலாம்.

இந்தப் பிரிவினை இருந்தால் செய்தி எழுதுவதும் துல்லியமாகும். ‘நடுவரணில் மோதி’ என்றால் அரண் தன் வேலையைச் செய்திருக்கிறது. ‘நடுப்பட்டையைத் தாண்டி’ என்றால் அரண் இல்லை, அல்லது இருந்தும் தோற்றுவிட்டது. ‘சென்டர் மீடியனில் மோதி எதிரே வந்த பஸ் மீது’ என்று எழுதும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

எங்கே நடுவரண் வேண்டும்? அரணும் ஒரு மோதுபொருள்தான். அது இல்லாவிட்டால் தடுமாறிய ஓட்டுநர் பட்டைக்குள் இறங்கித் தன்னைத் திருத்திக்கொள்ள இடம் இருந்திருக்கும். அரண் வைத்த சாலையில் சிறு மோதல்களின் எண்ணிக்கை கூடுவது வழக்கம். நேருக்கு நேர் மோதிச் சாவது குறைகிறது, அதற்காகத்தான் இந்த விலை. அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அலுவலர் கூட்டமைப்பான ஆஷ்டோவின் சாலையோர வடிவமைப்பு வழிகாட்டி இப்படிப் பிரிக்கிறது: பட்டை 9 மீட்டருக்குள் இருந்து, நாளொன்றுக்கு 20,000 வண்டிகளுக்கு மேல் ஓடினால் அரண் வை, 9 முதல் 15 மீட்டர் வரை என்றால் செலவையும் பயனையும் ஆராய்ந்து முடிவெடு, 15 மீட்டருக்கு மேல் பொதுவாக வேண்டாம், ஆனால் வண்டிகள் கடந்து மோதிய வரலாறு இருந்தால் யோசி. கலிபோர்னியாவில் அந்த வரலாற்றுக்கே அளவுகோல் வைத்திருந்தார்கள்: ஒரு மைலுக்கு ஆண்டுக்கு 0.5 கடப்பு விபத்து, அல்லது 0.12 உயிர்ப்பலி விபத்து. இவை நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச் சாலைகளுக்கான எண்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் நம் நான்குவழிச் சாலையில் அப்படியே போட்டால், பஸ்ஸைப் பிடிக்கச் சாலையின் குறுக்கே ஓடும் ஊர்க்காரரைக் கணக்கில் எடுக்காமல் விட்டதாகும். இந்தியாவில் இதற்குத் தனியாக இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 119 என்ற வழிகாட்டி 2015இல் வந்தது.

அரணை மூன்று குணமாகப் பிரிக்கிறார்கள். இறுகியது கான்கிரீட், அசையாது. அரைகுறையாக வளைவது தூணில் பூட்டிய அலைத்தகடு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரை உள்வாங்கும். நன்றாக வளைவது எஃகு வடம், 2 மீட்டரிலிருந்து 3.5 மீட்டர் வரைகூடப் போகும். வளைய வளைய அடி மென்மையாகும், ஆனால் வளைவதற்குப் பின்னால் இடம் வேண்டும். 3 மீட்டர் பட்டையின் நடுவில் வடம் கட்டினால், அது வண்டியை எதிர்ப்பாதைக்குள் நீட்டிப் பிடிக்கும். ஐரோப்பிய ஈ.என். 1317 தரம் இந்த இடத்துக்குச் செயல் அகலம் என்று பெயரிட்டு, 0.6 மீட்டரிலிருந்து 3.5 மீட்டர் வரை எட்டு வகுப்புகளாக்கியிருக்கிறது. விளக்குக் கம்பம் இந்த அகலத்துக்குள் நிற்கக் கூடாது. கான்கிரீட் அசையாதே என்று அதன் தலையில் கம்பம் நடுவதும் தவறு: சுவரில் உரசும் லாரியின் மேல்கூடு சாய்ந்து சுவருக்கு மேலாக நீளும், முதலில் அகப்படுவது கம்பம்.

கான்கிரீட் வடிவத்தில் புகழ்பெற்றது நியூ ஜெர்சி என்ற அமெரிக்க மாநிலத்தின் பெயர் தாங்கியது. ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, 1955இல் முதன்முதலில் நிறுத்தியபோது 46 செ.மீ. உயரம்தான். 1959க்குள் 81 செ.மீ. ஆனது. அதன் அடியை உற்றுப் பார்த்தால் மூன்று முகங்கள் தெரியும். கீழே 75 மி.மீ. செங்குத்து. அதற்கு மேல் 55 பாகையில் 330 மி.மீ. உயரம் வரை ஒரு சரிவு. பிறகு ஏறக்குறைய நிமிர்ந்த 84 பாகை. சிறு கோணத்தில் உரசும் காரின் டயர் அந்தச் சரிவில் ஏறி இறங்கும். பக்கத் தகடு நசுங்காமலே வண்டி திரும்பிவிடும். சிறிய கார்கள் அதில் அதிகம் ஏறிக் கவிழ்ந்ததால் பின்னாளில் எஃப் வடிவம் வந்தது. கோணங்கள் அவையே, சரிவு மட்டும் 255 மி.மீட்டரில் முடியும். ஆறு வரைவுகளுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்திட்டுச் சோதித்ததில் கடைசி வென்றது, பெயரும் அதுவே. இந்தச் சுவர் சாலைக்கு அருகில் இருக்கும்வரைதான் நல்லது. தள்ளி வைக்க வைக்க வண்டி வந்து சேரும் கோணம் கூடும், மேலே சொன்ன ஆறு மடங்கு கணக்கு நினைவிருக்கட்டும்.

நம் சாலைகளில் மிகுதியாக உள்ளது அலைத்தகடு, ஒப்பந்ததாரர் பேச்சில் டபிள்யூ-பீம். நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சக விவரக்குறிப்பின்படி தகடு 3 மி.மீ. தடிமன், அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து 70 செ.மீ. தூண் 150-க்கு 75 மி.மீ. சேனல் (பள்ள வடிவ எஃகுச் சட்டம்), 1.8 மீட்டர் நீளம், அதில் 1.1 மீட்டர் மண்ணுக்குள். தூணுக்குத் தூண் 2 மீட்டர். தகட்டுக்கும் தூணுக்கும் நடுவே 330 மி.மீ. நீளச் சேனல் துண்டு ஒன்று வரும், ஸ்பேசர். இந்தத் துண்டை வெட்டி மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் சக்கரம் தூணில் நேரே சிக்கும், கார் சுழன்றுவிடும். மூன்று அலை உள்ள த்ரீ-பீம் 85 செ.மீ. உயரத்தில் நிற்கும், தூண் 2 மீட்டர்.

70 செ.மீ. என்பது நிரந்தரமல்ல. 4 செ.மீ. தாரை இரண்டு முறை மேலே போட்டால் தகடு 62 செ.மீட்டருக்கு இறங்கிவிடும், உயரமான வண்டி அதன் மேல் உருண்டு போகும். மறுதளம் போடும் மதிப்பீட்டிலேயே தகட்டை உயர்த்தும் செலவையும் சேர்க்க வேண்டும்.

ஓரக்கல் இன்னொரு தொல்லை. கல்லில் மோதிய சக்கரம் துள்ளும், வண்டி காற்றில் எழும், அப்போது சற்று உள்ளே தள்ளி நிற்கும் தகட்டை அது தாண்டும். தகட்டின் முகமும் கல்லின் முகமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

நடுப்பள்ளத்தில் வடம் கட்டுவது எல்லாவற்றையும்விட நுணுக்கமானது. 6-க்கு 1 (6 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) என்பதைவிடச் செங்குத்தான சரிவில் கட்டவே கூடாது. சரிவில் இறங்கும் கார் பள்ளத்தின் அடியில் ஸ்பிரிங் அமுங்கி மூக்கைத் தாழ்த்தும். அந்த நிலையிலேயே எதிர்ச்சரிவில் ஏறினால் வடத்துக்கு அடியில் புகுந்துவிடும். அதனால் பள்ளத்தின் அடிக்கோட்டிலிருந்து 0.3 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரையுள்ள இடத்தைத் தவிர்க்கச் சொல்கிறது ஆஷ்டோ. அடிக்கோட்டிலேயே கட்டு, அல்லது நன்றாகத் தள்ளிப்போய்க் கட்டு.

அரளி பற்றி ஒரு வார்த்தை. எதிர்வண்டியின் முகப்பு விளக்கை மறைக்க அது அருமையான செடி, கலிபோர்னியாவிலும் நடுப்பட்டைகளில் அதைத்தான் நட்டார்கள். வளைந்து கொடுக்கும் தண்டு இருக்கும்வரை தொல்லையில்லை. தண்டு 10 செ.மீ. தாண்டிய மரம் என்றால் அதையும் கம்பமாகவே கணக்கிட வேண்டும்.

கடைசியாக, முனை. நடுவரண் தொடங்கும் இடத்தில் தகட்டை அப்படியே நீட்டி விட்டால் அது ஈட்டி. காரின் முகப்பைத் துளைத்து இருக்கை வரை வரும். விசிறிபோல் விரித்த மீன்வால் முனையும் இதைத் தடுக்காது. தகட்டை வளைத்து மண்ணில் புதைத்தால் ஈட்டி போய் ஏணி வரும், வண்டி அதில் ஏறிக் கவிழும். அடியை உறிஞ்சி மடங்கும் முனைக்காப்பு வேண்டும், கான்கிரீட் முனைக்கு நசுங்கும் மெத்தை. தகடு முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்திலும் 2 மீட்டர்த் தூண் இடைவெளியைப் பாதியாக்கிப் படிப்படியாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் வளைந்த தகடு வண்டியைப் பைக்குள் தள்ளுவதுபோல் சுவரின் முனைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். இணைப்பில் எந்தத் தகடு மேலே என்பதும் கவனிக்க வேண்டியது: வண்டி வரும் பக்கத்துத் தகடு மேலே படிந்து, அதன் விளிம்பு போக்குவரத்து போகும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் பூட்டினால் ஒவ்வொரு 4 மீட்டருக்கும் ஒரு கத்தி.