புனிதரா, பரிசுத்தவானா, அர்ச்சியசிஷ்டரா?

2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ், குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தார். செய்திகளில் அது 'புனிதர் பட்டம் வழங்கப்பட்டது' என்று வந்தது. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் பட்டம் என்றதும் பத்ம விருதுபோல, அதுவரை இல்லாத ஒன்றை மேலிடத்திலிருந்து ஒருவருக்குக் கொடுத்ததாகத் தோன்றிவிடுகிறது. கத்தோலிக்கக் கோட்பாடு அப்படிச் சொல்வதில்லை. திருச்சபை யாரையும் புனிதர் ஆக்குவது கிடையாது. இறந்துபோன ஒருவர் விண்ணகத்தில் கடவுளோடு இருக்கிறார் என்று உறுதிப்படுத்தி, அதை உலகம் முழுவதற்கும் அறிவிக்கிறது, அவ்வளவுதான். திருத்தந்தை இலத்தீனில் வாசிக்கும் வாசகமும் இவரைப் புனிதர் எனத் தீர்மானித்து, புனிதர்களின் பட்டியலில் சேர்க்கிறோம் என்றே போகும்.

இந்த நிகழ்வுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'கானனைசேஷன்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் பட்டியல் இருக்கிறது. கிரேக்கத்தில் 'கனோன்' என்றால் அளவுகோல். அது நெறி, அப்புறம் ஏற்கப்பட்ட பட்டியல் என்று பொருள் விரிந்தது. ஆகவே 'புனிதர் நிலைக்கு உயர்த்தினார்' என்பதைவிட, 'புனிதர் என்று அறிவித்தார்' என்று எழுதுவது பொருந்தும்.

சரி, புனிதர் என்றால் யார்? நல்லவர், ஒழுக்கசீலர், பாவமே செய்யாதவர் என்றுதான் முதலில் தோன்றும். விவிலியத்தில் சொல் அங்கே தொடங்கவில்லை. எபிரேயத்தில் 'கதோஷ்', கிரேக்கத்தில் 'ஹகியோஸ்': இரண்டுக்கும் அடிப்படைப் பொருள், கடவுளுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது. எருசலேம் ஆலயத்தில் இருந்த பாத்திரம்கூட அந்தப் பொருளில் 'கதோஷ்'தான். பாத்திரத்துக்கு ஏது ஒழுக்கம்? அது யாருக்கு உரியது என்பதுதான் கேள்வி.

இதைப் பார்க்க நல்ல இடம், பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதம். தொடக்கத்திலேயே அவர்களைப் பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். அடுத்த பக்கங்களைப் புரட்டினால் அதே ஆட்கள் கட்சி பிரிந்து சண்டை போடுகிறார்கள். ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியோடு வாழ்கிறான். சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு நீதிமன்றம் போகிறார்கள். ஆண்டவருடைய பந்தியிலேயே ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருக்கிறார். இவர்களைத்தான் 'ஹகியோய்' என்று அழைத்தார் பவுல். அவர் காலத்தில் அது தனிச் சாதனையாளருக்கான சொல் அல்ல. திருமுழுக்குப் பெற்று கிறிஸ்துவுக்கு உரியவரான எல்லாருக்கும் பொதுப்பெயர்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது சுவையான கதை. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் 'பரிசுத்தவான்கள்'. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், அதே இடங்களில் 'இறைமக்கள்' என்று போட்டது. என் கணக்கில் இரண்டாவதுதான் துல்லியம். பரிசுத்தவான் என்றதும் வெண்ணுடையில் ஒரு முதியவர் மனதில் வந்து நிற்கிறார், கொரிந்துக்காரர்கள் வருவதில்லை.

கத்தோலிக்கர்களுக்குப் பழைய சொல் வேறு: அர்ச்சியசிஷ்டர். 'அர்ச்சிய' என்பது அர்ச்சனையோடு உறவுடைய வடசொல், போற்றத் தக்க என்று பொருள். 'சிஷ்ட' என்றால் மேன்மையுடைய. வீட்டில் பாட்டி வைத்திருந்த செபப்புத்தகங்களில் இது 'அர்ச்.' என்று சுருங்கி, 'அர்ச். அந்தோணியார்', 'அர்ச். சூசையப்பர்' என அச்சாகியிருக்கும். 'அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்று மனப்பாடம் செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. விசுவாச அறிக்கையில் 'அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்' என்று ஒரு வரி வரும். அதைத் தடுக்காமல் சொல்லி முடிக்கும் சிறுவனைப் பாராட்டத்தான் வேண்டும். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு வழிபாடு மக்கள் மொழிக்கு வந்து, அந்தத் தமிழும் எளிமையாகி, அதே வரி 'புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன்' ஆயிற்று.

புனிதமும் வடமொழி வழி வந்ததுதான். தூய்மைப்படுத்தப்பட்டது என்பது வேர்ப்பொருள். ஆனால் தேவாரமே சிவனைப் புனிதன் என்று பாடிய அளவுக்குப் பழகிய சொல். தனித்தமிழ் வேண்டுமென்றால் 'தூய' இருக்கிறது. பாளையங்கோட்டையில் கத்தோலிக்கரின் தூய சவேரியார் கல்லூரியும் தென்னிந்தியத் திருச்சபையின் தூய யோவான் கல்லூரியும் ஒரே அடைமொழியைப் பகிர்ந்துகொள்கின்றன.

பெயருக்குள் ஒளிந்திருக்கும் புனிதர்களும் உண்டு. சாந்தோம் என்பது போர்த்துகீசிய 'சாவோ தோமே', அதாவது புனித தோமா. சந்தியாகப்பரில் 'சந்த்' என்பதே புனிதர், 'யாகு'தான் யாக்கோபு. ஆக 'புனித சந்தியாகப்பர் ஆலயம்' என்று பலகை வைத்தால் புனிதர் இரண்டு முறை வந்துவிடுகிறார். நடுச்சென்டர் மாதிரிதான், விட்டுவிடலாம்.

எல்லா விசுவாசிகளுக்கும் பொதுவாக இருந்த சொல் சிலருக்கு மட்டும் உரியதானது எப்படி? இரத்தம் சிந்தியவர்களால். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரில், ஆயர் (பிஷப்) பொலிகார்ப்பு கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளை விலைமதிப்பற்ற கற்களைவிட மேலாகக் கருதி எடுத்து வைத்ததாகவும், ஆண்டுதோறும் அங்கே கூடி அவருடைய 'பிறந்தநாளை'க் கொண்டாடப்போவதாகவும் அந்தச் சபை ஒரு கடிதம் எழுதியது. பிறந்தநாள் என்று அவர்கள் சொன்னது அவர் இறந்த நாளை. புனிதர்களின் திருவிழா பெரும்பாலும் இறந்த நாளில் வருவது இந்த வழக்கத்தால்தான். இப்படி விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளுக்குப் பிறகு, 397-இல் இறந்த தூர்ஸ் நகர ஆயர் மார்ட்டின்போல, கொல்லப்படாமலே வாழ்ந்து முடித்தவர்களும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

பல நூற்றாண்டுகள் இதை முடிவு செய்தது ஊர் மக்களும் உள்ளூர் ஆயரும்தான். திருத்தந்தை ஒருவர் முறைப்படி அறிவித்ததாகப் பதிவாகியுள்ள முதல் புனிதர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. 13-ஆம் நூற்றாண்டில் அந்த உரிமை உரோமைக்கே என்று சட்டமானது. இன்றைய நடைமுறை 1983-இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தியமைத்தது. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று படிகள். அருளாளரைச் சிலர் முத்திப்பேறு பெற்றவர் என்றும் எழுதுவார்கள். பொதுவாக அருளாளர் ஆக ஒரு புதுமை, அதாவது அற்புதம், புனிதர் ஆக இன்னொன்று வேண்டும். மறைசாட்சிக்கு முதல் புதுமை தேவையில்லை.

தேவசகாயம் மறைசாட்சி. மார்த்தாண்ட வர்மா காலத்துத் திருவிதாங்கூரில் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவம் அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் மூலப் பொருளான 'கடவுள் உதவினார்' என்பதன் தமிழாக்கமே தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமானது. மக்கள் அந்தக் கல்லறையைத் தேடி வரத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனபிறகே 2012-இல் அருளாளர் அறிவிப்பும், பத்தாண்டு கழித்துப் புனிதர் அறிவிப்பும் வந்தன. அறிவிப்புக்கு முன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர், எதிர்ப்புகளுக்குப் பிறகு நீக்கப்பட்டது. அவர் துறவியோ குருவோ அல்ல, மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர். புனிதர் என்றால் அங்கி அணிந்தவர் என்ற எண்ணம் இங்கே நிற்காது.

அப்படியானால் புனிதர்களைக் கும்பிடுகிறார்களா என்ற கேள்வி வரும். ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைக்க, மக்கள் ஒரே பதிலைத் திரும்பச் சொல்லும் செபம் பிரார்த்தனை மாலை. கேள்விக்கான பதில் அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. கடவுளை அழைக்கும்போது மக்கள் சொல்லும் பதில், 'எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி'. மாதாவின் பெயர்கள் தொடங்கியதும் அது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று மாறிவிடும். புனிதர்களுக்கும் அதே பதில்தான். இரட்சிக்கும்படி கேட்பது கடவுளிடம். புனிதரிடம் கேட்பது சிபாரிசு. ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம் என்று இறையியல் வேறுபடுத்துவது இதைத்தான். திருவிழாக் கூட்டத்தில் இந்த எல்லை எல்லாருக்கும் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

சீர்திருத்தச் சபைகள் அந்தச் சிபாரிசையும் ஏற்கவில்லை. 1530-இல் லூத்தரன் தரப்பு முன்வைத்த ஆக்ஸ்பர்க் அறிக்கை, புனிதர்களை முன்மாதிரியாக நினைவுகூரலாம், அவர்களை வேண்டக்கூடாது என்றது. அதனால்தான் தூய பேதுரு ஆலயம் என்று பெயர் வைத்த சபையிலும் பேதுருவை நோக்கி யாரும் செபிப்பதில்லை.

எந்தச் சொல்லை எங்கே போடுவது? திருச்சபை அறிவித்தவருக்குப் புனிதர். பவுலின் கடிதங்களுக்கு இறைமக்கள், அல்லது அந்தச் சபை வழக்கப்படி பரிசுத்தவான்கள். பெயருக்கு முன்னால் புனித, தூய இரண்டும் சரி. மகான், ஞானி, சித்தர் வேண்டாம். அவை அறிவையும் ஆற்றலையும் சுட்டுபவை, யாருக்கு உரியவர் என்பதை அல்ல. அடியார் என்ற சொல்தான் பொருளில் மிக நெருங்கி வருகிறது. ஆனால் அதைச் சைவமும் வைணவமும் நெடுங்காலம் முன்பே தமதாக்கிக்கொண்டுவிட்டன. இன்னொன்று: வடநாட்டுச் 'சந்த்' கபீரும் நம் சந்தியாகப்பரின் 'சந்த்'தும் உறவில்லை. அது 'சத்' வழி வந்தது, இது இலத்தீன் 'சாங்க்துஸ்'.