வெய்வர் வேலை: கையெழுத்துக்கு முன் முகவரியைப் பாருங்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருந்துகொண்டு, வெய்வர் (விசா நிபந்தனையிலிருந்து விலக்கு) வாங்கித் தரும் வேலை தேடும் நம் ஊர் டாக்டர்கள்தான் அழைப்பவர்களில் பாதிப் பேர். போன வருடம் ஒரு தம்பி அழைத்தார். "மேடம், ஆஃபர் வந்துருச்சு. அக்டோபர் ஒண்ணாம் தேதிக்கு ஸ்டேட்ல அப்ளிகேஷன் போடணுமாம். கான்ட்ராக்டை நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றாங்க." குரலில் சந்தோஷமும் பதற்றமும் சேர்ந்தே இருந்தன. கான்ட்ராக்டை அனுப்பச் சொல்லி, இரவு உட்கார்ந்து படித்தேன்.

சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. நான்காம் பக்கத்தில் வேலை செய்யும் இடம் என்று இரண்டு கிளினிக் முகவரிகள். அடுத்த வரியில், "நிர்வாகம் அவ்வப்போது குறிப்பிடும் பிற இடங்களிலும்" என்று ஒரு சேர்க்கை. அந்த ஒரு வரி அவருடைய விசாவையே கவிழ்த்திருக்கும். ஏன் என்று சொல்வதற்கு முன் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பயிற்சிக்கான ஜே-1 விசாவில் ரெசிடென்சிக்கு வரும் டாக்டர், பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். அதுவரை வேலைக்கான எச்-1பி விசாவும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. இந்த நிபந்தனையிலிருந்து பெறும் விலக்குதான் வெய்வர். மற்றத் துறைக்காரர்கள் சொந்த நாட்டு அரசிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வெய்வர் கேட்கலாம். மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது. "டெல்லியில் ஆள் இருக்கிறார், கடிதம் வாங்கித் தருகிறார்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் போகும் வழி கான்ராட் 30 என்ற திட்டம். வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியால் 1994இல் வந்தது. முதலில் மாநிலத்துக்கு 20 வெய்வர் இடங்கள், 2002இல் 30 ஆனது. டாக்டர் பற்றாக்குறை உள்ளதாக அமெரிக்க மத்திய அரசு அறிவித்த பகுதியில், வாரம் 40 மணி நேரம், மூன்று ஆண்டுகள், எச்-1பி விசாவில் வேலை செய்ய வேண்டும். மற்றவர்களின் எச்-1பிக்கு இருக்கும் லாட்டரி (குலுக்கல்) இதற்கு இல்லை. வெய்வர் கிடைத்த 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும். 30 இடங்களில் 10 வரை, பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அந்தப் பகுதி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு மாநிலம் ஒதுக்கலாம்.

இனி அந்தத் தம்பியின் கான்ட்ராக்டுக்கு வருகிறேன். இரண்டு முகவரிகளையும் பற்றாக்குறைப் பகுதிகளைப் பட்டியலிடும் மத்திய அரசு அமைப்பான ஹெச்.ஆர்.எஸ்.ஏ.வின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்று பற்றாக்குறைப் பகுதி. இன்னொன்று ஆற்றுக்கு அந்தக் கரை, வேறு கவுன்ட்டி, பட்டியலிலேயே இல்லை. பாலத்தைத் தாண்டினால் பத்து நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகச் சொன்னால் அவருடைய 40 மணி நேரக் கணக்கு உடைந்துவிடும். பிற இடங்கள் என்ற சேர்க்கையோ அதைவிட மோசம், எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். மூன்று ஆண்டை நிபந்தனைப்படி முடிக்காவிட்டால், பழைய இரண்டு ஆண்டு நிபந்தனை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

"கேட்டா வேலையை வேற யாருக்காவது குடுத்துடுவாங்களோ மேடம்?" என்று தயங்கினார். இந்தப் பயம்தான் எனக்கு வருத்தம் தருவது. அந்த ஊரில் டாக்டர் இல்லை என்பதால்தான் அவர்கள் உங்களைக் கூப்பிடுகிறார்கள். உங்களுக்கு அவர்கள் எவ்வளவு தேவையோ, அவர்களுக்கும் நீங்கள் அவ்வளவு தேவை. கேளுங்கள். அவர் கேட்டார். பத்து நாளில் திருத்திய கான்ட்ராக்ட் வந்தது, ஒரே முகவரியோடு.

முகவரிக்கு அப்புறம் நான் தேடுவது வேலைநீக்கப் பத்தி. காரணம் சொல்லாமலே 60 நாள் நோட்டீஸில் அனுப்பலாம் என்று இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் இடம் மாறுவது, மருத்துவமனை மூடப்படுவது போன்ற அசாதாரணச் சூழலில்தான் முடியும். அப்போதும் மிச்சக் காலத்தை இன்னொரு பற்றாக்குறைப் பகுதியில்தான் கழிக்க வேண்டும். வேலையை விட்டால் சுற்றுவட்டாரத்தில் பிராக்டிஸ் செய்யக் கூடாது என்ற பத்தியைப் பல மாநிலங்கள் ஏற்பதே இல்லை. அது இருந்தால் விண்ணப்பமே திரும்பி வரலாம்.

ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்கு அடுத்த சிறப்புப் பயிற்சி) ஆசை இருப்பவர்கள் அதை முதலில் முடியுங்கள். வெய்வருக்குப் பரிந்துரை போய்விட்டால் ஜே-1ஐ நீட்டிக்க முடியாது.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. டெக்சஸ், நியூயார்க் பக்கம் போட்டி கடுமை. அலாஸ்கா, வயோமிங் போன்ற மாநிலங்களில் ஆண்டு முடிந்தும் இடம் மிஞ்சிய காலங்கள் உண்டு. இடம் கிடைக்காவிட்டால் அப்பலாச்சியன், டெல்டா வட்டார வளர்ச்சி ஆணையங்கள், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் என்று மத்திய அரசு வழிகளும் இருக்கின்றன. இவற்றுக்கு 30 என்ற கணக்கு கிடையாது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள துணைக்கோ பிள்ளைக்கோ மிகையான கஷ்டம் வரும் என்று காட்டும் வழி தனி. பிள்ளை இங்கே பிறந்தது என்பது மட்டும் போதாது. உங்களோடு ஊருக்கு வந்தாலும் கஷ்டம், இங்கே பிரிந்து இருந்தாலும் கஷ்டம் என்று இரண்டையும் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்.

வீட்டில் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் ஜே-1இல் இருக்கும்வரை, குடும்பத்தாருக்கான ஜே-2இல் இருக்கும் உங்கள் மனைவியோ கணவரோ பெர்மிட் வாங்கி வேலைக்குப் போகலாம். நீங்கள் எச்-1பிக்கு மாறி அவர் எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா) ஆனதும் அது நின்றுவிடும். உங்கள் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகுதான் பொதுவாக எச்-4இல் பெர்மிட் கேட்க முடியும். அதனால் ஐ-140ஐத் தள்ளிப்போடாதீர்கள். பற்றாக்குறைப் பகுதியில் ஐந்து ஆண்டு வேலை செய்யும் டாக்டர்களுக்கென்று தேசிய நலன் அடிப்படையில் தனி வழி இருக்கிறது. வெய்வரின் மூன்று ஆண்டும் அந்த ஐந்தில் சேரும், ஐந்தும் முடியும்வரை மனுவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இந்தியாவில் பிறந்தவர்களின் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். சீக்கிரம் போய் நிற்பது நல்லது.

பயணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனம், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்தது. உள்ளே இருந்தபடியே விசா நிலையை மாற்றிக்கொள்பவருக்கு அது இல்லை என்று குடியேற்றத் துறை பின்னர் விளக்கியது. மனு நிலுவையில் இருக்கும்போது தங்கை கல்யாணம் என்று விமானம் ஏறினால், உள்ளிருந்து மாற்றும் கோரிக்கையைக் கைவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் போடும் முன் உங்கள் வக்கீலை ஒரு தடவை அழையுங்கள்.

அந்தத் தம்பி இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறார். சேர்ந்த நாளிலிருந்து சம்பளச் சீட்டு, வாராந்தர டியூட்டி அட்டவணை எல்லாவற்றையும் மாதாமாதம் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் முதல் வாரமே ஆரம்பித்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அட்டவணை கேட்டால், அதை வைத்திருந்த மேனேஜரே வேலை மாறிப் போயிருப்பார்.