மலமிளக்கி குடித்தவுடன் பலன் தெரியவில்லையென்றால்

ஒரு வியாழக்கிழமை இரவு, மருந்துக் கடையை அடைக்கும் நேரத்தில் வந்த பெரியவர் ஒருவர், மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று சொல்லி லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப் வாங்கிச் சென்றார். இரவு 15 மில்லி குடித்திருக்கிறார், காலையில் பலனில்லை. மதியம் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, அதுவும் போதாதென்று படுக்கும் முன் நிலாவரைச் சூரணம் ஒரு கரண்டி. சனிக்கிழமை காலை அவருடைய மகன் வந்து, அப்பாவுக்கு ஏழெட்டு முறை பேதியாகித் தலைசுற்றலோடு படுத்திருக்கிறார், நீங்கள் கொடுத்த மருந்து சரியில்லை என்றார். மருந்தில் குறையில்லை, அது வேலை செய்ய எவ்வளவு நேரமாகும் என்று நான் சொல்லாமல் விட்டதுதான் குறை.

எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் அது நீர் விட்டிருக்கும். உப்பு நீரை இழுக்கிறது. லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர், மில்க் ஆஃப் மக்னீசியா ஆகிய மூன்றும் குடலுக்குள் ஏறத்தாழ இதையே செய்கின்றன: நீரைக் குடலிலேயே இருத்தி, இறுகிய மலத்தை இளக்குகின்றன. நிலாவரையும் விளக்கெண்ணெயும் அப்படியல்ல, குடலைத் தூண்டி விரட்டுபவை. மக்னீசியா அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பலன் தரும். லாக்டுலோஸுக்கு ஒன்றிரண்டு நாளும், பவுடருக்கு மூன்று நாள் வரையும் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பொறுமையிழந்து அளவைக் கூட்டுகிறார்கள்.

பவுடர் என்றால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முறை 17 கிராம், ஒரு தம்ளர் தண்ணீரில் முழுவதும் கரைத்து. லாக்டுலோஸ் வழக்கமாக 15 முதல் 30 மில்லி. அதைப் பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியில் அளக்க வேண்டுமே தவிர, "ரெண்டு மூடி" என்று மூடியால் அளப்பது கணக்காகாது. முதல் சில நாட்கள் வயிறு உப்பி வாயு பிரியும். சிறுகுடலில் செரிக்காத இந்தச் சர்க்கரையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைப்பதால் வருவது அது. எந்த மருந்தானாலும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது.

நான் அதிகம் அஞ்சுவது மக்னீசியாவைப் பற்றித்தான். விலை மலிவு, பாட்டி காலத்து மருந்து என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மக்னீசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி, நாடித்துடிப்பையும் மூச்சையும் தளர்த்தக்கூடும். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது என்று எப்போதாவது சொல்லப்பட்டவர்கள் அதைத் தொடவே வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மக்னீசியாவோடு திரவ பாரஃபின் என்ற எண்ணெய் கலந்து வரும் மருந்தைப் படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களுக்குப் புகட்டினால், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். லாக்டுலோஸில் சிறிது பால் சர்க்கரை உண்டு என்பதால் சர்க்கரை நோயாளிகள் அளவை மீறக் கூடாது. குழந்தைகளுக்கு எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

கடும் வயிற்றுவலி, வாந்தி, வாயுகூடப் பிரியாமல் வயிறு வீங்குதல், மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மலமிளக்கி குடிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலப்போக்கு மாறினாலும் அப்படியே.

அந்த மகனிடம் சிரப், சூரணம் இரண்டையும் நிறுத்தி ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். அப்போதுதான் அப்பாவின் மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரத்த அழுத்தத்துக்கு, நீரைப் பிரிக்கும் மருந்து கலந்த மாத்திரை. தலைசுற்றலுக்குப் பேதியோடு அதுவும் சேர்ந்திருக்கக்கூடும். அதன் கீழே, இரண்டு வாரம் முன்பு முழங்கால் வலிக்குத் தொடங்கிய டிராமடால். மலத்தைக் கட்டும் மாத்திரை அது. வியாழக்கிழமை இரவே அந்தச் சீட்டைக் கேட்டிருக்கலாம்.