ஊர்க் கடையில் வைஃபை கூப்பன் விற்க: பிஎம்-வாணி விளக்கம்

சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரவுட்டரை வாங்கி, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். பிஎம்-வாணியில் ரவுட்டர் மூன்றாவது வேலை.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. டீக்கடையோ ஜெராக்ஸ் கடையோ, யார் வேண்டுமானாலும் தங்கள் இணைய இணைப்பை வைஃபையாக விற்கலாம். கடைக்காரருக்கு லைசென்சும் வேண்டாம், தொலைத்தொடர்புத் துறையில் பதிவும் வேண்டாம். திட்டத்தில் அவருக்குப் பெயர் பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆபீஸ்). அவருக்கு மேலே, பல பிடிஓக்களை ஒருங்கிணைக்கும் பிடிஓஏ என்ற நிறுவனம். பதிவு செய்துகொள்ள வேண்டியது இவர்கள்தான். ஆள் சரிபார்ப்பு, கூப்பன் கணக்கு, பயன்பாட்டுப் பதிவு எல்லாம் இவர்கள் பொறுப்பு.

முதலில் லைன். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டம் பாரத்நெட். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் அதன் கேபிள் இழுக்கும் பணி மாநில அரசு நிறுவனமான டான்பிநெட் வசம். ஊராட்சிக் கட்டிடத்தில் பாரத்நெட் பெட்டி இருக்கிறதே என்று அங்கிருந்து கடைக்கு ஒயர் இழுத்துவிட முடியாது. ஏதாவது ஒரு இணைய நிறுவனத்திடம் கடை பெயரில் பைபர் இணைப்பு எடுக்க வேண்டும். வீட்டு பிளானை எடுத்து விற்பது விதிமீறல். 'பிடிஓ இணைப்பு' என்றே கேளுங்கள். 200 எம்பிபிஎஸ் வரையிலான பிளானுக்கு, அதே வேக வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் போட்ட உத்தரவு. வீட்டுக்கு 600 ரூபாய் என்றால் கடைக்கு அதிகபட்சம் 1,200.

அடுத்தது பிடிஓஏ. பதிவான நிறுவனங்களின் பட்டியல் பிஎம்-வாணி இணையதளத்தில் இருக்கிறது. கூப்பனில் கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 10 ரூபாய் கூப்பனில் 7 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 1,200 ரூபாயை எடுக்கவே தினமும் 6 கூப்பன் போக வேண்டும். கரன்ட், ரவுட்டர் செலவு தனி. செல்போன் சிக்னல் நன்றாக இருக்கும் ஊரில் இது ஓடுவது கஷ்டம்.

இப்போது ரவுட்டர். பிடிஓஏவின் மென்பொருளோடு ஒத்துப்போகும் மாடலை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும். ரிச்சி தெரு ரவுட்டர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடைக்குள் வைத்தால் இரும்பு ஷட்டரை இறக்கியதும் தெருவில் சிக்னல் படுத்துவிடும். வெளிச்சுவரில், மழைச்சாரல் படாத இடத்தில், அதற்கென்று உள்ள வெளிப்புற ரவுட்டரைப் பொருத்துங்கள். மோடம், ரவுட்டர் இரண்டின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, இரண்டையும் தாங்கும் மினி யுபிஎஸ் போடுங்கள். ரவுட்டருக்கு மட்டும் போட்டால், கரன்ட் போனதும் வைஃபை பெயர் தெரியும், நெட் வராது.

மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் அணைத்துப் போடுவதில் பயனில்லை. கேபிளில் ஒளியே வரவில்லை. எங்கோ அறுந்திருக்கும் அல்லது மடிந்திருக்கும். செம்பு கிடைக்கும் என்று நினைத்து வெட்டுபவர்களும் உண்டு. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, காயலான் கடையில் காசு பெயராது.

தெரிந்தவர்தானே என்று கடையின் சொந்த வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அந்தப் பயன்பாடு பிடிஓஏ பதிவில் ஏறாது. வில்லங்கம் வந்தால் விசாரணை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும்.

வாடிக்கையாளர் பக்கம் சிக்கல் முதல் நாளில்தான். இந்த வைஃபையில் சேர வாடிக்கையாளரின் போனில் வாணி ஆப் இருக்க வேண்டும். அதை இறக்க நெட் வேண்டும், பதிவு செய்ய ஓடிபி வர வேண்டும். சிக்னலே இல்லாத ஊரில் இரண்டும் நடக்காது. சந்தைக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போகும்போது முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒருமுறை பதிவானால் போதும்.